பத்துச் சொம்புக் குளியல்

வேதாரண்யத்தைத் தாண்டி, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை ஒட்டித் தெற்கே போகும் சாலை கோடியக்கரையில் முடிகிறது. கடல் நெருங்க நெருங்க நிலத்தடி நீரில் உப்பு ஏறும். அடிபம்பில் வரும் தண்ணீரில் பல இடங்களில் சோப்பு லேசில் நுரைக்காது. நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரியாகப் பிரிந்துவிடும். ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாலு தேய் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஆட்டிசம் உள்ள ஒரு பையனை அந்த அடிபம்படியில் நிறுத்திப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிய கதை. வெளியூர்ப் பயிற்சி மையம் ஒன்றில், டைல்ஸ் பதித்த குளியலறையில், ‘நுரை வர்ற வரைக்கும் தேய்’ என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவனும் கற்றுக்கொண்டான். ஊருக்கு வந்து தேய்க்கிறான், நுரை வரவில்லை. ஆகவே தேய்த்துக்கொண்டே இருக்கிறான். தோல் சிவக்கிறது. அப்பாயி அதட்டுகிறார், அவன் கத்துகிறான். “அங்க ஒழுங்கா குளிச்ச புள்ள இங்க வந்து அடம் புடிக்குது” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அடம் எதுவும் இல்லை. தனக்குச் சொன்னதை அவன் அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறான்.

ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலோருக்குத் தானாக நடந்துவிடுகிறது. வீட்டு வாளியில் குளித்துப் பழகியவர் லாட்ஜ் ஷவரிலும் குளித்துவிடுவார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு இது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. கற்ற பழக்கம் அந்த அறையோடும், வாளியின் நிறத்தோடும், பக்கத்தில் நின்ற ஆசிரியரின் குரலோடும் ஒட்டிக்கொள்கிறது. ட்ரெவர் ஸ்டோக்ஸ், டொனால்ட் பேர் என்ற இரு உளவியலாளர்கள் 1977-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. அதுவரை வெளிவந்த ஆய்வுகளை அவர்கள் அலசிப் பார்த்தார்கள். அதிகம் கையாளப்பட்ட முறைக்கு அவர்கள் வைத்த பெயர்: ‘கற்றுக்கொடுத்துவிட்டு நம்பிக்கொண்டிருப்பது’. கற்றது வேறு இடத்திலும் பலிக்க வேண்டுமென்றால், அந்த வேறு இடமும் பாடத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

ஆட்டிசம் என்ற பெயரில் ஒரு தனித்த நிலையை லியோ கானர் 1943-ல் விவரித்தபோது அவர் முன் இருந்தவர்கள் 11 குழந்தைகள். இன்று உலக அளவில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக (2021-ஆம் ஆண்டுக் கணக்கு) உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பேச்சு வராதவர்களும் இருக்கிறார்கள், பொறியியல் படித்து வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உடல் சுத்தம் என்று வந்தால் இந்தப் படிப்பும் அறிவும் எதிர்பார்க்கும் அளவுக்குக் கைகொடுப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. சராசரியோ அதற்கு மேலோ அறிவுத்திறன் கொண்ட, ஆட்டிசம் உள்ள 417 வளரிளம் பருவத்தினரைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அவர்களுடைய அறிவுத்திறனைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தது. பஸ் போர்டு அத்தனையையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பல் துலக்க வரவில்லை என்றால், அது சோம்பேறித்தனம் என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு தவறு.

காரணங்களில் முதலாவது புலன். அமெரிக்காவின் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், ஆட்டிசம் உள்ளவர். சின்ன வயதில் தலைக்கு ஷாம்பு தேய்த்துவிடுவது தனக்கு உண்மையாகவே வலித்தது என்று அவர் எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்குச் சுகமாக இருக்கும் தொடுதல் அவருக்கு வலி. இப்படிப் புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, 2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. பற்பசையின் புதினா சிலருக்கு மிளகாயாக எரியும். உப்பு நீரில் அலசி வெயிலில் காய்ந்த துண்டு, கோடியக்கரைப் பக்கம் எந்த வீட்டிலும் விறைத்துத்தான் இருக்கும். அதை முதுகில் இழுப்பதைத் தாங்காத தோல்களும் உண்டு. நகவெட்டியின் ‘டிக்’, சலூன் மெஷினின் ரீங்காரம், தலைவழியே வழிந்து காதுக்குள் போகும் தண்ணீர் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சிக்கல்.

ஆகவே நல்ல தெரபிஸ்ட் சோப்பை எடுப்பதற்கு முன் துப்பறிகிறார். பிள்ளை எந்த நொடியில் விலகுகிறது? தண்ணீர் படும்போதா, சட்டையைக் கழற்றும்போதா, துண்டு தொடும்போதா? எதிர்ப்பு துண்டில் தொடங்குகிறது என்றால், பலமுறை அடித்து மெதுவாக்கிய பழைய வேட்டித் துணி ஒன்று மூன்று மாதப் போராட்டத்தை முடித்துவைக்கலாம். பற்பசைதான் எதிரி என்றால் முதலில் வெறும் பிரஷ். அதற்கும் முன்னால் ஈரத்துணி சுற்றிய விரல். பசையை எப்போது சேர்ப்பது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் வரிசை. குளிப்பது ஒரு வேலை என்று நாம் நினைக்கிறோம். எழுதிப் பார்த்தால் அது இருபது முப்பது வேலைகள்: துண்டை எடுத்துக் கொடியில் போடு, தாழ்ப்பாளைப் போடு, உடையைக் கழற்று, சொம்பை வாளியில் முக்கு, வலது தோளில் ஊற்று, இடது தோளில் ஊற்று. இதில் எங்கே அறுந்தாலும் முழுச் சங்கிலியும் நின்றுவிடும். வரிசையை நினைவில் வைத்து, அடுத்ததைத் தொடங்கி, முடிந்ததை விட்டு நகரும் ஆற்றலில்தான் ஆட்டிசம் உள்ள பலருக்குத் தடை.

இப்படி வேலையைத் துண்டு துண்டாக்கிப் பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் பி. ஜெயச்சந்திரன், வி. விமலா இருவரும் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற மதிப்பீட்டுப் பட்டியலை இந்தியச் சிறப்புப் பள்ளிகள் பல பத்தாண்டுகளாகக் கையாண்டு வருகின்றன. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 என்று மொத்தம் 360 திறன்கள். சாப்பிடுவது, உடுத்துவது, தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, கழிப்பறைப் பழக்கம் ஆகியவை தனித்தனிப் பிரிவுகள். வாசிப்பு, எழுத்து, கணக்குக்கு என்ன இடமோ அதே இடம் இவற்றுக்கும் உண்டு. ஒவ்வொரு திறனுக்கும் எதிரே செய்கிறதா, செய்யவில்லையா என்று மட்டுமே குறிக்க வேண்டும். பிள்ளைக்கு என்ன நோய்ப்பெயர் என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கப்பட்டிருப்பதால், முதல் ‘செய்யவில்லை’ விழும் இடத்தில் அடுத்த பாடம் தொடங்குகிறது. ஆட்டிசத்துக்கென்று செய்யப்பட்ட பட்டியல் அல்ல இது, புலன் சிக்கல்களை அதில் தேட முடியாது. ஆனாலும் ஒரு சிறப்பாசிரியர் கையில் எடுக்க இதைவிடத் தெளிவான கருவி குறைவு.

துண்டாக்கிய பிறகு எந்தத் துண்டைத் தொடங்குவது? பெற்றோர் முதலிலிருந்து தொடங்குவார்கள். பயிற்சி பெற்றவர்கள் பல சமயம் கடைசியிலிருந்து தொடங்குவார்கள். குளிப்பாட்டி, துடைத்து, சட்டை போட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளையிடம் விடுவது. பொத்தான் மாட்டியதும் வேலை முடிந்தது. இட்லி தட்டு முன்னால் வருகிறது. மறுவாரம் கடைசி இரண்டு பொத்தான்கள். இப்படிப் பின்னிருந்து முன்னாக நகரும்போது, தான் செய்த காரியத்தோடுதான் ஒவ்வொரு நாளும் குளியல் முடிகிறது என்பது பிள்ளைக்குப் பழகிவிடும். முன்னிருந்து தொடங்கினால் நேர்வது இதற்கு நேரெதிர்: முதல் படியைச் செய்துவிட்டு, மீதிப் படிகள் தன்மேல் பிறர் கையால் நடப்பதைப் பொறுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

உதவுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைக்கு எதிரே நின்று “தேய், தேய், அங்க தேய்” என்று சொல்லிக்கொண்டிருப்பது எளிது. ஆனால் பிற்பாடு விலக்கிக்கொள்ள மிகவும் கடினமான உதவி அந்தப் பேச்சுதான். சில மாதங்களில் ‘தேய்’ என்ற குரல் கேட்காமல் கை நகராது. பின்னால் நின்று முழங்கையை லேசாக நகர்த்திவிடுவது, அடுத்த வாரம் தொடாமல் சும்மா பின்னால் நிற்பது, பிறகு கதவுக்கு வெளியே நிற்பது என்று படிப்படியாகக் குறைப்பதே முறை. தொடுவதற்கு முன் பிள்ளையிடம் காட்டிவிட்டுத் தொட வேண்டும். கையை உதறினால் நிறுத்த வேண்டும். கையைப் பிடித்து வலுக்கட்டாயமாகச் செய்யவைத்த பழைய பயிற்சிகளைப் பற்றி, ஆட்டிசம் உள்ளவர்களே வளர்ந்து கசப்போடு எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் உன் உடம்பைப் பிடித்தால் மறுக்காமல் நில் என்று ஒரு குழந்தைக்குப் பழக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

குரலுக்குப் பதில் படம். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் வளர்த்தெடுத்த டீச் (TEACCH) என்ற ஆட்டிசப் பயிற்சி முறை 1972-ல் அந்த மாநிலத்தின் திட்டமாகவே ஆனது. அடுத்து என்ன, எவ்வளவு, எப்போது முடியும் என்பதைக் கண்ணால் பார்க்கும்படி வைப்பது அதன் உயிர்நாடி. ஸ்வீடனில் 5 முதல் 13 வயது வரையிலான, ஆட்டிசம் உள்ள 14 குழந்தைகளுக்குப் பல் துலக்கும் படிகளைப் படவரிசையாகக் காட்டிப் பழக்கினார்கள். 12 மாதங்களில் பல்லில் கண்ணுக்குத் தெரியும் அழுக்குப் படலம் குறைந்தது. 18 மாதங்கள் ஆனபோது, முன்பைவிடப் பல் பராமரிப்பு எளிதாகிவிட்டது என்று பெரும்பாலான பெற்றோர் சொன்னார்கள். 2005-ல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் அந்த மாதக்கணக்கைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பத்து நாளில் பலன் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க அது உதவும்.

‘எப்போது முடியும்’ என்ற கேள்விக்குக் கோடியக்கரையிலேயே விடை கிடைக்கும். நுரையை நம்ப முடியாத ஊரில் எண்ணிக்கையை நம்பலாம். வாளி ஓரத்தில் பத்துக் கிளிஞ்சல்கள். ஒரு சொம்பு ஊற்றியதும் ஒரு கிளிஞ்சல் டப்பாவுக்குள். டப்பா நிறைந்தால் குளியல் முடிந்தது. எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் இது போதும். சோப்புக்கும் அப்படியே: கைக்கு ஐந்து தேய், வயிற்றுக்கு ஐந்து தேய். வீட்டில் அடிபம்புத் தண்ணீர் வந்தாலும் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தாலும் ஐந்து ஐந்துதான். எந்த அட்டைப்படத்தை அச்சடித்துக் கொடுத்தாலும், அதில் இருப்பது அந்த வீட்டு வாளியின், அந்த வீட்டுச் சொம்பின் போட்டோவாக இருந்தால் நல்லது. வெள்ளைக்காரக் குழந்தை ஷவரடியில் சிரிக்கும் படத்துக்கும் கொல்லைப்புறத்துக் கீற்றுத் தடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

சொற்களிலும் எச்சரிக்கை தேவை. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் “கொல்லைக்குப் போயிட்டு கால் கழுவிட்டு வா” என்றால் எல்லோருக்கும் புரியும். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் பிள்ளை கொல்லைக்குப் போகும், காலைக் கழுவும், திரும்பி வரும். சொன்னபடி செய்துவிட்டு ஏன் திட்டு வாங்குகிறோம் என்பது அதற்குப் புரியாது. பீச்சாங்கையால் எதைக் கழுவுவது என்பதையெல்லாம் கூச்சப்படாமல் நேரடியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கழிப்பறைப் பயிற்சியில் இன்னொரு புலன் குறுக்கிடுகிறது. பசி, தாகம், சிறுநீர்ப்பை நிறைவது போன்ற உடலின் உள்செய்திகளை மூளை வாங்கிக்கொள்ளும் புலன் அது. உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளை உணரும் வாங்கிகளுக்கு ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-லேயே தனிப்பெயர் கொடுத்துவிட்டார். ஆட்டிசம் உள்ள சிலருக்கு இந்தச் செய்தி மங்கலாக வருகிறது, அல்லது கடைசி நொடியில் வருகிறது. மலச்சிக்கலும் இவர்களிடம் அதிகம் காணப்படுவதால் குழப்பம் கூடும். ‘வந்தா சொல்லு’ என்பது இவர்களுக்குப் பயன்படாத அறிவுரை. கடிகாரத்தை வைத்துப் போகச் செய்வதுதான் பயன்படும். 1971-ல் நேதன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் இருவரும் விடுதியில் இருந்த, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு கொண்ட 9 பெரியவர்களுக்கு நிறையக் குடிக்கக் கொடுத்து, அடிக்கடி உட்காரவைத்து, ஈரம் பட்டால் ஒலிக்கும் கருவியை உள்ளாடையில் வைத்து, இடைநிலை (median) கணக்கில் நான்கே நாளில் பழக்கினார்கள். ஆயுள் முழுக்க முடியாது என்று கைவிடப்பட்டவர்களுக்கும் முடியும் என்று உலகம் அப்போது கண்டது. அவர்கள் முறையில் தவறினால் கண்டிப்பும் தண்டனையும் உண்டு. அந்தப் பகுதியை இன்று நல்ல மையங்கள் விட்டுவிட்டன. நேரம் வைத்து உட்காரவைப்பதும் வெற்றிக்கு உடனே பரிசு தருவதும் தொடர்கின்றன.

வயது ஏறினால் கேள்வி மாறுகிறது. எங்கே ஆடை கழற்றலாம், எங்கே கூடாது? ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் கோடியக்கரைக் கடலில் கூட்டம் கூட்டமாக நீராடுகிறார்கள். ஆண்கள் எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றித் துண்டு கட்டிக்கொள்கிறார்கள். குளத்தங்கரையிலும் அப்படித்தான். அதையே பள்ளிக்கூட வராந்தாவில் பதிமூன்று வயதுப் பையன் செய்தால் புகார் வருகிறது. ஊரின் இந்த எழுதாத சட்டத்தை மற்றப் பிள்ளைகள் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். இவனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்: கடல், குளம் என்றால் சட்டை கழற்றலாம், துண்டு கட்டியிருக்க வேண்டும்; பள்ளி, கடை என்றால் கழற்றக் கூடாது. அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் பரப்பிய ‘சமூகக் கதை’ முறை இதற்கென்றே அமைந்தது போலிருக்கும். ஒரு சூழலை எளிய வாக்கியங்களில், படத்தோடு, பிள்ளையின் கண்ணோட்டத்தில் விவரிக்கும் சின்னஞ்சிறு புத்தகம் அது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பாடம் தள்ளிப்போவதன் விலை மிக அதிகம். 1994 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண்கள் பலருக்குப் புனே சசூன் மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்க் காலச் சுத்தத்தை அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்பதே முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, வழக்கும் நடந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது; விவரம் அறிந்து சுதந்திரமாகத் தரும் சம்மதமின்றி, மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்த மருத்துவச் செயலுக்கும் யாரையும் உட்படுத்தக் கூடாது என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கத்தி எடுத்த காரியத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது சில மாதப் பயிற்சி.

அந்தப் பயிற்சி பூப்பெய்துவதற்கு முன்பே தொடங்க வேண்டும். இரத்தத்தைக் கண்டால் காயம், காயம் என்றால் பயம் என்று பழகிய பிள்ளைக்கு முதல் நாள் அதிர்ச்சியாக இருக்கும். சில மாதங்களுக்கு முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் நாப்கின் வைத்துப் பழக்குவது, சிவப்புச் சாயம் கலந்த நீரை ஊற்றிக் காட்டி மாற்றச் சொல்வது, உள்ளாடையில் எங்கே ஒட்ட வேண்டும் என்று நூலால் கோடு தைத்துவைப்பது, பழையதைத் தாளில் சுற்றி எந்தத் தொட்டியில் போடுவது என்று நடந்து காட்டுவது எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாடு அரசு புது யுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தருகிறது. அதன் ஒட்டுப் பசையோ உரசலோ பிள்ளைக்கு ஒத்துவராவிட்டால் பருத்தித் துணி நல்லது. தாயோ அக்காளோ சித்தியோ, கற்றுத்தருகிறவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வழியை மட்டும் கற்றுக்கொடுப்பதில் இந்தக் கரைக்கென்று ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கூரைகள் போயின, மரங்கள் போயின, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பி, குழாயைத் திருகிக் குளிக்க மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு அப்படிப்பட்ட வாரங்கள் எப்படிக் கழியும் என்று ஊகிக்கலாம். குழாய், அடிபம்பு, வாளி மூன்றிலும் பழக்கிவைப்பது புயல் கரையில் வசிப்பவர்களுக்கு ஆடம்பரமல்ல. ஸ்டோக்ஸும் பேரும் சொன்னதும் இதுதான்: போதுமான அளவு வெவ்வேறு மாதிரிகளில் கற்றுக்கொடு.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. கோடியக்கரையிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். அங்கே போய் மதிப்பீடும் வழிகாட்டலும் பெறலாம். ஆனால் தினசரிக் குளியலை அங்கே கற்க முடியாது, கற்றாலும் அது அப்படியே ஊர் திரும்பாது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு தரும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பாதுகாப்பில் தெரபிச் செலவுக்கும் இடம் உண்டு. இதை அறியாத பெற்றோர் இன்னும் பலர். அருகில் இருப்பது சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் வட்டார வள மையமும், வீட்டுக்கே வந்து கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநரும்தான். அவர் வருவது பெரும்பாலும் பள்ளி நேரத்தில். அதற்குள் உப்பளத்துக்கோ மீன் இறங்குதளத்துக்கோ கிளம்பும் அவசரத்தில் அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டிப் பல் துலக்கிவிட்டிருப்பார். பயிற்றுநருக்கு மிச்சம் இருப்பது வண்ணம் தீட்டலும் மணி கோத்தலும். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் காலை ஆறரைக்கு வாளியடியில் இருக்கும்படி வேலை நேரத்தை மாற்றிக் கொடுக்கக் கல்வித்துறை முன்வர வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம், ஓர் உத்தரவும் பயணப்படியும் போதும்.